மூன்றாம் நம்பர் ஜெர்சி

ஜப்பான் கால்பந்து வீரர்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது?

கொஞ்சம் பழைய ரசிகரா இருந்தா நகாடா, நகமுரா. இப்போதைய பிள்ளைகளுக்கு மிடோமா, குபோ.

நவோகி மட்சுடா?

பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஐரோப்பாவில் எந்த க்ளப்புக்கும் ஆடாதவர். போதாக்குறைக்கு டிஃபென்டர். கோலைத் தடுக்கிறவங்களுக்கு யாரு போஸ்டர் அடிக்கிறா? (பள்ளியில் நானும் டிஃபென்டர்தான், அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.)

ஆனா யோகோஹாமாவில் கதையே வேற.

1995 முதல் 2010 வரை 16 சீசன் யோகோஹாமா எஃப் மரினோஸ் என்ற ஒரே அணி. 1996 ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என வீழ்த்திய ஜப்பான் அணியில் இருந்தார். 2002 உலகக்கோப்பையில் ஜப்பானின் தடுப்பாட்டத்தில் மூவரில் ஒருவர். 2010 முடிவில் க்ளப் அவரை விடுவித்தபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மைக்கைப் பிடித்த மட்சுடா, எனக்கு கால்பந்து அவ்வளவு பிடிக்கும், இன்னும் ஆடணும் என்றார்.

ஆடவும் போனார். மூன்றாம் நிலை லீக்கில் இருந்த மட்சுமோட்டோ யமகா அணிக்கு.

2011 ஆகஸ்ட் 2. காலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு. இதயத் துடிப்பு நின்றுவிட்டது. ஆகஸ்ட் 4ல் இறந்தார். வயது 34.

இதில் டாக்டரா என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ஜப்பானில் 2004லேயே பொதுமக்களும் ஏ.இ.டி. கருவியைப் பயன்படுத்த அனுமதி வந்துவிட்டது. நெஞ்சில் ஒட்டினால், துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டும் ஷாக் கொடுக்கும் பெட்டி அது. மட்சுடா விழுந்த மைதானத்தில் அது இல்லை.

இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்லிட முடியாது. ஆனா, ஷாக் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய வகையில் துடிப்பு தாறுமாறானவர்களுக்கு, சி.பி.ஆரும் இல்லாமல் ஷாக்கும் தாமதமாகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுது.

எமர்ஜென்சி டியூட்டியில் இதை நிறைய பார்த்திருக்கேன். "இப்பத்தான் சார் நல்லா பேசிட்டு இருந்தாரு"னு தூக்கிட்டு ஓடி வருவாங்க. வழியில நெஞ்சை யாராவது அழுத்தினீங்களானு கேட்பேன்.

"தண்ணி தெளிச்சோம் சார்."

அவங்க மேல தப்பில்ல. யாரும் சொல்லிக் கொடுக்கல.

அதனால இதை மட்டும் படிச்சுக்கோங்க. ஒருத்தர் விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையல, மூச்சு சீரா இல்லன்னா 108க்கு ஒருத்தர் போன் போடுங்க. இன்னொருத்தர் நெஞ்சின் நடுவில் ரெண்டு கையையும் வச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைஞ்சது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஏ.இ.டி. பக்கத்துல இருந்தா உடனே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அதுவே அடுத்து என்ன செய்யணும்னு பேசும்.

மட்சுமோட்டோ யமகா அந்த வருடமே இரண்டாம் நிலை லீக்குக்கு முன்னேறியது. மரினோஸ் அணியில் 3ம் நம்பர் ஜெர்சியை அதுக்கப்புறம் யாருக்கும் கொடுக்கல.