சங்கப் பாக்கி

2011 ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனார். கோயில் மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே, தேரி மணலும் பனையுமாகக் கிடக்கிற சிற்றூர் எங்களுடையது. பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குடும்பம் எதுவென்று சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்துவிடும். என் குற்றத்தால் அவர்கள் இன்னொரு தடவை ஊர் வாயில் விழ வேண்டாம்.

கோயில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சை. அதைச் சுற்றித்தான் ஊர். ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்குக் குளித்து, இரண்டாம் மணிக்கு வேஷ்டி கட்டி, மூன்றாம் மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். துக்க மணி வேறு மாதிரி. ஒன்று அடித்து, அது அடங்கும்வரை விட்டு, அடுத்ததை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பனையில் பாளை சீவிக்கொண்டிருப்பவர்கூட அரிவாளை நிறுத்திவிட்டு, கீழே போகிறவரிடம் "யாருக்குலே?" என்று கேட்பார். கருப்பட்டி காய்ச்சுகிறவள் விறகை வெளியே இழுத்துப் போடுவாள். செத்தவர் நம்மவர், வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுவது அந்த மணிதான். அது அடிக்காமல் ஒரு பிணம் வீட்டில் கிடந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்றவன். 2006 முதல் 2018 வரை சபையின் பொருளாளர். என் கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சங்கம் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சபையில் ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் கட்டுகிற சந்தா அது. அன்று மாதம் 60 ரூபாய். பாக்கி வைத்தவர் வீட்டில் கல்யாணம் என்றால் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க மாட்டோம். ஞானஸ்நானம் என்றால் தள்ளிப்போடுவோம். சாவு என்றால் பாக்கியைத் தீர்த்த பிறகுதான் மணியும் கல்லறைத் தோட்டமும். ஒரு காலத்துக் கமிட்டித் தீர்மானம் அது. பலர் அதைத் தளர்த்தித்தான் நடத்தினார்கள். நான் இறுக்கிப் பிடித்தேன்.

இறந்தவர் பனையேறி. 2004-இல் பனையிலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. அதன் பிறகு கட்டிலும் திண்ணையுமாகவே ஏழு வருஷம். மனைவி ஓலைப்பெட்டி முடைந்து விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். 84 மாதச் சங்கம் கட்டவில்லை. 5,040 ரூபாய்.

காலை ஆறு மணிக்கு முன்பே, மணி அடிக்கிற கோயில்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், அவரு விடியக்காலமே போயிட்டாராம். மணி அடிச்சிரட்டா?"

"பாக்கி இருக்குல்லா? பொறுங்க" என்றேன். பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. தொகை நாக்கு நுனியில் இருந்தது. கோயில்பிள்ளை கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு "சரி சார்" என்று போனார். எனக்கு மூத்தவர். எத்தனையோ பேருக்கு அந்தக் கயிற்றை இழுத்தவர். அன்று அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காபி குடித்தேன்.

சபைப் போதகரான ஐயர் வெளியூரில் இருந்தார். போனில் கூப்பிட்டு, மாலை நாலரைக்கு அடக்கம் வைத்துக்கொள்ளலாம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மற்றது எது என்று அவருக்குச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். போகும்போது பையில் ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளும் எடுத்துப் போனேன். சாவு வீட்டுக்கு நான் கொண்டுபோனது அதுதான்.

மகள் வெளியே வந்தாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். "சார், எங்கய்யாவுக்கு மணி ஏன் சார் அடிக்கல?"

வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் விளக்கினேன். மாதம் இவ்வளவு, இத்தனை மாதம், ஆக மொத்தம் இவ்வளவு.

"நாலு நாள்ல தந்துருதேன் சார். இன்னிக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்க."

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தாம்மா" என்றேன்.

அவள் வேறு ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காதுக் கம்மலைக் கழற்றினாள். ஒரு பக்கம் வந்துவிட்டது. இன்னொரு பக்கத்துத் திருகு இறுகிப்போய்ச் சுற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தொட்டுவைத்து மெல்லத் திருகினாள். காது சிவந்துபோயிற்று. நான் அந்தத் திண்ணையின் மறுகோடியில்தான் உட்கார்ந்திருந்தேன். 'விடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மருமகன் கம்மலைத் தாளில் மடித்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். திரும்பிவரப் பதினொரு மணி ஆகிவிட்டது. அதுவரை நான் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தேன். பணத்தை இரண்டு தடவை எண்ணினேன். ஆனிக் காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வந்தது. ரசீதுப் புத்தகத்தின் தாள்கள் படபடத்தன. அசையாமலிருக்கப் பக்கத்திலிருந்த பன்னீர்ப் பாட்டிலை எடுத்து அதன்மேல் வைத்து எழுதினேன். பிணத்துக்குத் தெளிக்க வாங்கிவைத்திருந்த பன்னீர் அது. எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கோயில்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினேன். பதினொன்றரைக்கு மணி அடித்தது.

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நான் சொன்னது பொய். அதே வருஷம் மாசி மாதத்தில் பெரிய வீட்டுக்காரர் ஒருவரின் உடலைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர் பேரில் இருந்த பாக்கி இந்தப் பனையேறியின் பாக்கியைவிட அதிகம். வண்டி ஊர் எல்லைக்கு வந்ததுமே மணி அடிக்கச் சொன்னவன் நான்தான். மாலையும் கையுமாக முன்னால் போய் நின்றேன். அவர்கள் எப்படியும் கொடுத்துவிடுவார்கள் என்று கமிட்டியில் சமாதானம் சொன்னேன். கொடுக்கவும் செய்தார்கள், மூன்று மாதம் கழித்து. நாலு நாளில் தருகிறேன் என்றவளை நான் நம்பவில்லை.

இன்னும் கீழே ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இது ஒப்புதல் ஆகாது. 2010-இல் கமிட்டித் தேர்தல். எங்கள் ஊரில் சபைத் தேர்தல் என்றால் இரண்டு அணி, இரவு பகலாக வீடு வீடாக நடை. எதிரணிக்காரர்கள் அந்த நடக்க மாட்டாத மனிதரை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து ஓட்டுப் போட வைத்தார்கள். எனக்கு எதிராக. நான் ஜெயித்துத்தான் வந்தேன். ஆனாலும் அந்த நாற்காலி கோயில் வாசல்படியில் ஏறி இறங்கிய காட்சி என் மனதை விட்டு இறங்கவில்லை. ஓட்டுப் போட வரத் தெரிகிறது, சங்கம் கட்டத் தெரியவில்லையா என்று மனைவியிடம் ராத்திரி சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் மணியை நிறுத்தியது அந்த நாற்காலிதான். சட்டம் எனக்குக் கைக்கு வாகாகக் கிடைத்தது, அவ்வளவே.

என்னை யாரும் கண்டிக்கவில்லை. சார் இருக்கிறதால்தான் வசூல் நடக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது எனக்கு இனித்தது.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை இறந்தவரின் மனைவி, அந்த அம்மா, ஆராதனைக்கு வந்தார். வெள்ளைச் சேலை. கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி, அவர் முடைந்ததுதான். நேராகப் போய்க் கைப்பிடி அரிசி போடுகிற டிரம்மில் கவிழ்த்தார். வேளாவேளைக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து ஒதுக்கிவைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது எங்கள் பெண்களின் வழக்கம். சாவு வீட்டில் இந்த வாரம்கூடவா என்று தோன்ற, வெளியே வரும்போது கேட்டேன்.

"உலையில போடும்போதே எடுத்து வச்சிருதது அண்ணாச்சி. அத வேற என்ன செய்ய?" என்றார்.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். கட்டி வந்த நாளிலிருந்து என்றார். அவர் குரலில் என்மேல் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாது. வருஷத்துக்கு நாற்பது கிலோ பக்கம். ஏழு வருஷத்துக்கு என்று பெருக்கி, ஏல விலையைப் போட்டுப் பார்த்தால் பாக்கியில் பாதிக்கு மேல் அதிலேயே அடைந்திருக்கும். ஆனால் கைப்பிடி அரிசிக்கு ரசீது கிடையாது, பேர் கிடையாது. ஆராதனை முடிந்ததும் பூவரசு மரத்தடியில் ஏலம் விடுவோம். வந்த தொகையை 'அரிசி ஏலம்' என்று ஒரே வரியில் எழுதிவைப்பேன். பல வீட்டு அரிசி கலந்தது, பெரும்பாலும் ரேஷன் அரிசி. அதனால் சாப்பாட்டுக்கு யாரும் எடுப்பதில்லை. ஏலத்தில் பலமுறை அதை எடுத்தது நானே. வீட்டில் கோழிக்குப் போட்டேன். இடுப்பு முறிந்த மனிதருக்கு வைத்த உலையிலிருந்து எடுத்த பிடி அரிசியை என் கோழி தின்றது. என் பதிவேட்டில் அவர் பாக்கிக்காரர்.

ஞாயிறு பள்ளியில் நான் பிள்ளைகளுக்குச் சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன். 1780-இல் பாளையங்கோட்டையில் முதல் சபையின் பதிவேட்டில் 40 பேர்தான் இருந்தார்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். வேதத்தில் சேர்ந்ததற்காகச் சொந்த ஊரில் இருக்க விடாமல் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் நிலம் தேடிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர் என்று சொல்லியிருக்கிறேன். அப்படி விரட்டப்பட்டவர்களுக்கு வீடும் நிலமும் வாங்கிக் கொடுக்கத்தான் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார் என்று சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்தப் பேரிலும் சங்கம் என்ற சொல்தான் இருக்கிறது. இருக்க இடமில்லாதவருக்கு இடம் கொடுக்க வைத்த பணம் அது. அதே பேரில் வசூலிக்கிற பணத்துக்காக, படுக்க ஆறடி இடத்தை ஐந்தரை மணி நேரம் பூட்டிவைத்தேன். அடுத்த வாரமும் அதே பாடத்தை எடுத்தேன்.

திருவிருந்து ஆராதனையில் முழங்காலில் நின்று எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவேன். எல்லாரோடும் சேர்ந்து சொல்வது எளிது. காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எத்தனையோ தடவை நானே வாசித்திருக்கிறேன். அந்த அம்மா பெண்கள் பக்கத்தில், மூன்றாவது தூணருகே உட்கார்ந்திருப்பார். இருபதடி தூரம். ஏழு வருஷமாக அந்த இருபதடியை நான் நடக்கவில்லை. 2018 கடைசியில் அவரும் இறந்துபோனார். அன்று மணி உடனே அடித்தது.

மறு வருஷம், பொறுப்பையெல்லாம் விட்ட பிறகு, மகள் வீட்டுக்குப் போனேன். பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கம்மலைத் திருப்பினாயா என்று கேட்டேன்.

"அது அந்த வருஷமே முழுகிப்போச்சு சார்" என்றாள்.

நாற்காலி முதல் கோழி வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "இத எங்கம்மட்ட சொல்லிருக்கலாமே சார்" என்றாள். கவரை வாங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு கடமையும் இல்லை.

இன்னொன்றையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2012 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் தன் தாயின் பேரில் பன்னிரண்டு மாதச் சங்கத்தையும் மொத்தமாக முன்கூட்டியே கட்டிவந்தாள். ஏழு ரசீதுகளும் என் கையெழுத்து. சபைக்கு இவர்கள் முன்மாதிரி என்று ஆண்டறிக்கையில் எழுதி, கோயிலில் நின்று வாசித்தேன். பக்தி என்று நினைத்தேன். "எங்கம்ம என்னிக்குப் போனாலும் மணி நிக்கக் கூடாதுல்லா சார்" என்றாள் அவள்.

போன ஜனவரியில் தன் குடும்பத்தின் பேரிலும் அவள் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டியிருக்கிறாள். இப்போதைய பொருளாளர் ரசீது எழுதிக் கொடுத்தார்.