தங்கவயலில் ஒரு மாருதி

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீடுகளில் பெண்கள் மத்தியானத்துக்கு முன்பே கொடித் துணியை உள்ளே எடுத்துவிடுவார்கள். தண்ணீர்க் குடத்துக்கு மேல் ஒரு தட்டு ஏறிவிடும். கடைசி வீட்டுக்காரர் வாசலில் நிற்கும் வெள்ளை மாருதி 800-ன் பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, படிக்கல்லில் மெதுவாகத் தட்டுவார்.

அதிலிருந்து கொட்டுவது சாதாரண மண் அல்ல. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மெல்லிய சாம்பல் நிறத் தூள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பூமிக்கடியிலிருந்து பாறையை வெட்டி எடுத்து, மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் போய்விட்டது. மிச்சம் மூன்று கோடி டன்னுக்கும் மேல் ஊரைச் சுற்றி மேடு மேடாகக் கிடக்கிறது. ஊரார் வாயில் அது சயனைடு மேடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தங்கவயல்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

கார் கம்பெனியின் கையேடு ஏர் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறதோ, அதில் பாதி ஓடியதுமே இவர் மாற்றிவிடுகிறார். கையேடு எழுதியவர்கள் இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குக் காற்று குறையும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகம் எரியும். ஸ்பார்க் பிளக் கறுத்துப் போகும். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். கழற்றிப் பார்த்தால் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்புப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடாகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வைத்தியம் நடக்கும்.

அவருக்கு வயது 68. சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்களை கேஜில் ஏற்றிப் பாதாளத்துக்கு இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே இழுக்கிற இயந்திரம் அவர் கையில் இருந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. டிரைவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மணி எத்தனை தடவை அடிக்கிறது, முள் எங்கே நிற்கிறது, இரும்புக் கயிறு என்ன சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். காதால் பிழைத்த மனிதர். மாருதி ஐடிலிங்கில் கொஞ்சம் இருமினாலும் எந்த சிலிண்டர் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரவழைத்துக்கொண்ட ஊர், ஒரே நாளில் சங்கு ஊதாத ஊராகிவிட்டது. கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் சிலர் கடனை அடைத்தார்கள், சிலர் மகளுக்குக் கல்யாணம் முடித்தார்கள், சிலர் பாங்கில் போட்டு வட்டியில் சாப்பிட்டார்கள். இவர் தொண்ணூறாயிரம் கொடுத்து, ஆறு வருஷம் ஓடிய மாருதி 800 ஒன்றை ஒரு பி.இ.எம்.எல். அதிகாரியிடம் வாங்கினார். 1995 நவம்பரில் கே.ஏ. 08 என்று தங்கவயலிலேயே பதிவான வண்டி. வேலை போனவனுக்குக் கார் ஒரு கேடா என்று லைனில் பேசிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் நேராகவே கேட்டார்கள்.

பதில் வீட்டுக்குள் இருந்தது. அவருடைய அண்ணன் 22 வருஷம் கீழே டிரில் பிடித்தவர். பாறைத்தூள் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். மாதத்துக்கு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் மாறி மாறிப் போனால், போய்ச் சேருகிற நேரத்தில் ஆளே பாதியாகியிருப்பார். டாக்ஸி வைத்தால் மூன்று தடவைக்கு மேல் கட்டுப்படியாகாது. இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது என்றால், அது மாருதி 800 மாதிரி ஒரு வண்டி இந்த நாட்டில் இருந்ததால்தான்.

1983 டிசம்பர் 14-ல் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது விலை 47,500 ரூபாய். அதுவரை கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் பிரீமியர் பத்மினி. இரண்டும் கனம், இரண்டுக்கும் பெட்ரோல் தாகம். இது 796 சி.சி. இன்ஜின், 650 கிலோ சுற்றளவில் எடை, சைக்கிள் கடைக்காரர் தூக்கிவிடலாம் போல 12 அங்குலச் சக்கரம். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2009-ல் டாடா நானோ ஒரு லட்ச ரூபாய் என்று ஆரவாரமாக வந்து, பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விலை குறைந்தால் மட்டும் போதாது. பழையதாகி, கை மாறி, மூன்றாம் ஆளிடம் வரும்போதும் எந்த ஊரிலும் ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்க வேண்டும். மாருதிக்கு அது கிடைத்தது.

வேலூர்ப் பயணத்துக்கு விடிவதற்கு முன் கிளம்புவார்கள். அண்ணனால் படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். முன்சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்காருவார். பேத்தமங்கலம் தாண்டும் வரை கண்ணாடி ஏற்றியே இருக்கும், தூசிக்காக. அதற்குப் பிறகு இறக்கிவிடுவார்கள். வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. அதனால் இரண்டு லாபம்: அண்ணனுக்குக் குலுக்கல் இல்லை, பெட்ரோலும் குறைவு. போகும்போது மலைப்பாதை இறக்கம். திரும்பும்போதுதான் ஏற்றம், இரண்டாம் கியரில் ஏறி, பாதியில் சூட்டு முள் சிவப்பைத் தொடும். வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். வண்டி ஆறட்டும், நானும் ஆறுகிறேன் என்பாராம் அண்ணன்.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் 200 பக்க நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. டாங்கை விளிம்பு வரை நிரப்புவது, ஓடுவது, மறுபடி விளிம்பு வரை நிரப்புவது. ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுப்பது. 2002-ல் ஒரு வேலூர்ப் பயணத்துக்கு நேராக லிட்டருக்கு 19 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். ஒருமுறை 16-க்கு இறங்கியது. மூன்று நாள் தேடியதில், பின்சக்கரத்து பிரேக் ஷூ லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வைண்டிங் டிரைவருக்கு முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும்.

சுரங்கம் மூடிய பிறகு அவரும் ஊரோடு சேர்ந்து மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார். ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கார் வைத்திருக்கிறவர் ஏன் ரயிலில் நின்றுகொண்டு போக வேண்டும் என்று கேட்கலாம். போக வர 200 கிலோமீட்டர் என்றால், மைலேஜ் எவ்வளவு நன்றாகக் கொடுத்தாலும், பத்து லிட்டருக்கு மேல் வேண்டும். சம்பளமே அதில் போய்விடும். கார் ஆஸ்பத்திரிக்கு, பிழைப்புக்கு சீசன் டிக்கெட். பதினைந்து வருஷம் இந்த விதி மாறவில்லை.

அண்ணன் 2011-ல் இறந்தார். வண்டியை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள் அது லைனின் வண்டியாகிவிட்டிருந்தது. நள்ளிரவில் பிரசவ வலி, பாம்புக் கடி, இன்னொரு டிரில்காரருக்கு மூச்சுத் திணறல் என்றால் கதவைத் தட்டுவார்கள். பெட்ரோல் போட்டால் போதும், வாடகை கிடையாது. 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு ராத்திரித் தட்டல் குறைந்தது உண்மை. வேலூருக்குப் போகிறவர்கள் குறையவில்லை.

பெங்களூரில் வேலை செய்யும் மகன்தான் 2025-ல் பேச்சை எடுத்தான். காரணம் இருந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2020-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது வயதைத் தாண்டிய காருக்கு 10,000 என்று அறிவித்தார்கள். வண்டிக்கு நவம்பரில் முப்பது வயது.

“நீயே கணக்குப் போட்டுப் பாருப்பா. பத்தாயிரம் ஃபீஸ், டயர் நாலு, பெயிண்ட், இன்சூரன்ஸ். வண்டி விலையே அவ்ளோ வராது. இரும்புக்குப் போட்டுட்டு, வேணுங்கிறப்போ டாக்ஸி வெச்சிக்கோ.”

கணக்கில் தப்பு இல்லை. அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. பழைய வண்டிகள் சாலையிலிருந்து போக வேண்டும் என்று சர்க்கார் நினைப்பதற்கும் நியாயம் உண்டு. கார்புரேட்டர் வண்டியின் புகையும் இன்றைய வண்டியின் புகையும் ஒன்றல்ல. ஆனால் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் முப்பதாயிரம் ஓடுகிற வண்டிக்கும் வயதை மட்டும் வைத்து ஒரே கட்டணம் போடுவது எந்த ஊர்க் கணக்கு என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

அவரை அதைவிட உறுத்தியது பெட்ரோல். இந்த வண்டி ஈயம் கலந்த பெட்ரோல் குடித்து வளர்ந்தது. 2000-ல் நாடு முழுக்க அது நின்றது. பிறகு எத்தனால் வந்தது. 2022-ல் பத்து சதவீதம், 2025-ல் இருபது. பத்து சதவீதத்துக்கு ஏற்ப அமைத்த கார்களிலேயே இருபது போட்டால் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனாலே கேள்விப்படாத 1995 வண்டியைப் பற்றி யாரும் அறிக்கை எழுதவில்லை. அவர் நோட்டு எழுதியது: 17 இருந்தது 15.5 ஆகிவிட்டது. பெட்ரோல் வாசனையும் அடிக்க ஆரம்பித்தது.

ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, விரலால் ஒரு ரப்பர் ஓசை அழுத்திக் காட்டினார். ஊறிப்போய், தொட்ட இடத்தில் வெடிப்பு.

“பழைய ரப்பர் இதுக்குத் தாங்காது அண்ணா. ஓஸ் எல்லாம் மாத்திடலாம். பெட்ரோல் பம்பு டயஃப்ரமும் மாத்தணும். இது போச்சுன்னா நடு ரோட்ல நின்னுடும்.”

எத்தனாலைத் தாங்கும் ஓஸ் தங்கவயலிலேயே கிடைத்தது. டயஃப்ரமுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு போக வேண்டியிருந்தது. ரயிலில் போனார். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒன்று கிடைத்தது. அதோடு கார்புரேட்டரை இறக்கி, ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதினார்கள். கம்பி விட்டுக் குத்துவது அவருக்குப் பிடிக்காது; துளை ஒரு நூல் பெரிதானாலும் மைலேஜ் திரும்பி வராது. டயர் நான்கில் இரண்டுதான் மாற்றினார். பெயிண்ட் அடிக்கவில்லை. புகைச் சோதனையில் இந்த வயது வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு மூன்று சதவீதம் வரை போகலாம். மிக்சர் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பியதில் ஒன்றரைக்கும் கீழே நின்றது.

நவம்பரில் ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியை ஓட்டிப் போனார். இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், விளக்கு, ஹாரன், வைப்பர் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். யார் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தார். நானேதான் என்றார் இவர். 2030 நவம்பர் வரை செல்லும் என்று ஆர்.சி. வந்தது.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் செய்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, பாஸ் ஆயிற்றா என்பதுதான். ஆயிற்று என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஜே.சி. ரோட்ல அந்தக் கடை பேர் இன்னாப்பா?” என்றான். கம்பெனி உற்பத்தியை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது, சரக்கு இனி வராது என்று கடைக்காரர் சொன்னதைச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ராத்திரி கடைசி ரயிலில் வந்து இறங்கிய மகனின் பையில் டயஃப்ரம் இரண்டு செட் இருந்தது.