பம்பு மாற்றிய கதை

ஒரு பொருள் பழுதுற்றால், அதனினும் பெரியதொன்றை வாங்கிவிடின் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை எனக்குக் கற்பித்தது, எங்கள் வயலில் நீர் இறைத்துவந்த ஒரு சிறு பம்பு. அதன் வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்கு அண்மையில், ஓடம்போக்கி ஆற்றுப் பாய்ச்சலைச் சார்ந்த ஒரு சிற்றூர். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை திறப்புற்றது முதல், ஜூன் 12 என்னும் நாள் சோழநாட்டு உழவருக்கு ஒரு திருநாள் போன்றது. அணையில் நீர் போதுமான அளவு இருப்பின், குறுவைக்கு அன்றே நீர் விடுவது வழக்கம். 2024-ஆம் ஆண்டிலோ அந்நாளில் அணை திறக்கப்படவில்லை; ஜூலை 28-ஆம் நாளிலேதான் திறக்கப்பட்டது. ஆதலின், ஜூன் மாதத் தொடக்கத்தில் நாற்று விட்ட எங்களுக்கு நிலத்தடி நீரன்றி வேறு புகலில்லை.

எங்கள் வயலில் இருப்பது, ஆழமில்லாத மணற்படுகையில் வடிகுழாயை இறக்கி அமைத்த கிணறு. ஊரார் அதனைப் 'பில்டர் பாயிண்ட்' என்பர். அதன்மேல் 5 குதிரைத் திறன் கொண்ட ஆயில் எஞ்சினும் பம்பும் ஒரே அச்சில் இணைந்து தரையில் இருந்தன. பம்பு ஏற்றும் நீரில் ஒரு சிறு பங்கு, மெல்லிய குழாய் வழியாக எஞ்சினின் உட்புறத்திற் புகுந்து, அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். பம்பு நீரேற்றும்வரை எஞ்சினுக்குக் கேடில்லை. பம்பு நின்றால் எஞ்சினும் தாகத்தால் மடியும்.

ஒருநாள் இரவு எஞ்சினைக் காக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்புவித்தார். யானோ கைப்பேசியில் கண்ணைச் செலுத்தியிருந்து, பின்னர் உறங்கிப்போனேன். புகை நாற்றம் என்னை எழுப்பியபோது வாய்க்காலில் நீரில்லை. எஞ்சின் ஒருமுறை முனகி நின்றுவிட்டது. பிஸ்டன் இறுகிப்போயிற்று, நீரின்றிச் சுழன்ற பம்பின் உட்சக்கரமும் கெட்டது. விடிந்தபின் அப்பா வந்து பார்த்தார். "பழைய யந்திரம், எத்தனை நாள்தான் உழைக்கும்?" என்று மட்டும் சொன்னார். யான் வாய் திறந்திலேன்.

அன்றே இருவரும் திருவாரூர்க் கடைத்தெருவுக்குச் சென்றோம். கடைக்காரர், "ஐயா, ஐந்து திறன் இனி இழுக்காது, பத்துத் திறன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்ன விலை, என் கல்லூரிச் சம்பளத்துக்கென்று அப்பா ஒதுக்கிவைத்திருந்த தொகை முழுவதையும் விழுங்குவதாயிருந்தது. "யோசித்து வருகிறோம்" என்று வெளியே வந்து, கமலாலயக் குளத்தின் படியில் அமர்ந்தோம். சிறிது நேரங்கழித்து அப்பா, "நாற்று நான்கு நாள் தாங்காது. உன் சம்பளத்துக்கு வேறு வழி பார்ப்போம், பத்தையே எடுத்துவிடலாம்" என்றார்.

அதற்குமேல் மறைக்க என் மனம் இடந்தரவில்லை. "அப்பா, எஞ்சின் முதுமையால் கெடவில்லை. நான் உறங்கிவிட்டேன். பம்பு காற்றை இழுத்து நீரை விட்டிருக்கிறது, நான் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்" என்றேன். அவர் என்னைச் சினந்தாரல்லர். நெடுநேரம் குளத்தையே நோக்கியிருந்து, "பம்பு ஏன் காற்றை இழுத்தது?" என்று கேட்டார். அவ்வொரு வினாவே எங்களைக் காத்தது.

யான் பௌதிக வகுப்பிற் பயின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பம்பு நீரை இழுப்பதாக நாம் கூறுகின்றோம். உண்மையில், பம்பு குழாயினுள்ளே அழுத்தத்தைக் குறைக்கின்றது, வெளியேயுள்ள காற்றின் பாரமே நீரை மேலே தள்ளுகின்றது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டில் பாதரசக் குழாயைக் கொண்டு இவ்வுண்மையை விளக்கினார். காற்றின் பாரம் ஏறக்குறைய 34 அடி உயரத்துக்கே நீரைத் தாங்கவல்லது. குழாயின் உராய்வு முதலியன கழிந்தபின், 22 அல்லது 25 அடிக்குமேல் நம்புவதற்கில்லை. பத்துத் திறனன்று, நூறு திறன் கொண்ட பம்பாயினும் தரையிலிருந்து உறிஞ்சுங்கால் இவ்வெல்லையைக் கடவாது. மேலே தள்ளுவதற்கு எல்லை யந்திரத்தின் வலிமை. கீழிருந்து உறிஞ்சுவதற்கு எல்லை காற்றின் பாரம்.

வீடு திரும்பியதும் பம்பைக் கழற்றிவிட்டு, கயிற்றிற் கல்லைக் கட்டிக் குழாயினுள் விட்டோம். 21 அடியிற் கயிறு நனைந்தது. இறைக்குங்கால் நீர்மட்டம் இன்னும் சில அடி தாழுமன்றோ? குற்றம் பம்பின் சிறுமையன்று. அது நீருக்கு மிக உயரத்தில் இருந்ததே குற்றம். படகுகளிற் குளிர்சாதனத்துக்குக் கடல்நீர் செலுத்தும் பம்பினை நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்துவதும் இதுபோன்ற காரணத்தாலேயே. தானே காற்றை நீக்கி நீரை ஏற்கமாட்டாத பம்பு அங்கே மேலிருந்தால், எத்துணை விலையுயர்ந்ததாயினும் வறண்டு சுழலும்.

ஆகவே, 6 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிச் சுவர் எழுப்பினோம். முந்தைய அளவுள்ள, வார்ப்பட்டையால் ஓடும் பம்பு ஒன்றை வாங்கிக் குழியில் இறக்கினோம். எஞ்சினைப் பழுதுபார்த்து மேலேயே நிறுத்தினோம்; குழியினுள் எஞ்சின் ஓடினால் அதன் நச்சுப்புகை தேங்கி உள்ளே இறங்குவோரின் உயிரைக் குடிக்கும். குளிர்நீருக்கும் வேறு வகை செய்தோம். எஞ்சினைவிட உயரத்தில் 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்றை வைத்து, பம்பின் நீர் அதில் விழவும், பீப்பாய் நீர் எஞ்சினைச் சுற்றி வரவும் அமைத்தோம். சூடான நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்பும். இனிப் பம்பு நீரை விட்டாலும் எஞ்சின் உடனே மடியாது. காவலாளி கண்ணயர்ந்தாலும் விழித்தெழ நேரமுண்டு. இதனை அப்பாவிடம் கூறியபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

ஐந்தாம் நாட் காலையில் குழாயிலிருந்து நீர் பாய்ந்தது. நாற்றங்காலில் ஒரு மூலை கருகிப்போயிற்று, எஞ்சியது பிழைத்தது. அணை திறந்த செய்தி வந்தபோது எங்கள் குறுவை வயலில் வேரூன்றிப் பச்சை பிடித்திருந்தது. என் கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பகுதியே செலவாயிற்று. அதனையும் அறுவடைக்குப்பின் அப்பா ஈடுசெய்தார்.

உண்மையை மறைத்திருந்தேனாயின், பெரிய பம்பு வந்திருக்கும். அதுவும் அதே உயரத்தில் நின்று காற்றையே குடித்திருக்கும். பழுதின் காரணத்தை அறியாமல் மாற்றுப்பொருள் தேடுதல் பயனற்றது. காரணத்தை அறிந்தவன் அதனைக் கூற அஞ்சினால் அவன் கற்ற கல்வியும் பயனற்றது. இவ்விரண்டையும் அந்தப் படிக்கட்டில் அமர்ந்தே யான் கற்றேன்.