பதிலுக்குக் காத்திருங்கள்

அங்கன்வாடி என்று பெயர் மாறிப் பல காலம் ஆனாலும் ஊருக்கு நான் 'பால்வாடி டீச்சர்'தான். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது எல்லாம் எல்லோரும் பார்க்கிற வேலை. மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போவதுதான் எனக்குப் பெரிய வேலை. பிள்ளை மையத்துக்கு வந்து உட்காரும்போது இரண்டு வயது தாண்டியிருக்கும். கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான முதல் 1000 நாள் அதற்குள் வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

வீட்டுக்குள் போனதும் முதலில் மாமியாரிடம் பேசுவேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டால்தான் மருமகளால் செய்ய முடியும். "நீங்க புள்ளைய எப்படிம்மா குளிப்பாட்டுவீங்க?" என்று கேட்டால் போதும். காலில் போட்டு, கண்ணைப் பார்த்து, பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றியதைச் சொல்வார். பிள்ளையோடு அப்படிப் பேசியதை மருமகள் முன்னால் மனதாரப் பாராட்டுவேன். மூக்கில் ஊதுவதையும் காதில் எண்ணெய் விடுவதையும் மட்டும் விடச் சொல்வேன்.

இப்போது தாய்மார்கள் அதிகம் கேட்பது, "டீச்சர், புள்ளைக்கு இன்னும் பேச்சு வரலியே" என்பதுதான். அந்தப் பிள்ளையின் சோற்றுத் தட்டுக்கு எதிரே செல்போன் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நடவுக்குப் போய்விட்டு இடுப்பொடியத் திரும்பியவளிடம் இதை ஒப்பித்தால், அடுத்த முறை நான் வரும்போது போனை ஒளித்துவைப்பாள். வேறொன்றும் மாறாது.

அதனால் அவள் காய் நறுக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். பிள்ளை கையில் ஒரு கத்திரிக்காயைக் கொடுத்து, "இது என்ன சாமி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். இந்தச் சும்மா இருப்பதுதான் தாய்க்குக் கடினம். பிள்ளை வாய் திறப்பதற்குள் "கத்திரிக்கான்னு சொல்லு" என்று முந்திக்கொள்வாள். அவள் கையை மெல்லத் தொட்டுப் பொறுக்கச் சொல்வேன். பிள்ளை காயைப் பார்க்கும், அம்மாவைப் பார்க்கும், "க்கா" என்று ஏதோ சொல்லும். "ஆமா, கத்திரிக்கா!" என்று அவள் சிரித்தால் மறுபடி சொல்லும். பேச்சு இப்படித்தான் வருகிறது. போன் நாளெல்லாம் பேசினாலும் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இதற்குத் தனியாக நேரமோ, காசு கொடுத்து வாங்கும் பொம்மையோ வேண்டாம். சாயங்காலம் வீடு திரும்பும் அப்பாவும் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்று. ஒன்றரை வயதாகியும் அர்த்தமுள்ள ஒரு சொல்கூட வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று இருந்துவிடாதீர்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் தேசியத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வருகிறது. அதுவரைகூடப் பொறுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.