களனி கங்கைக் கரையில் இரண்டு நாட்கள்

கித்துல்கல என்று சொன்னவுடன் பெரும்பாலோருக்கு ஒரு சினிமாப் படமே ஞாபகத்துக்கு வருகிறது. 'குவாய் நதிப் பாலம்' என்ற அந்த ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் என்பவர் இங்கே, களனி கங்கையின் கரையில் எடுத்தார். மெய்யாகவே ஒரு மரப் பாலத்தைக் கட்டி, 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன்மீது ஒரு புகைவண்டியை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்கள். படத்துக்கு ஏழு ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. பாலம் நின்ற இடத்தை உல்லாசப் பிரயாணிகள் இன்றும் வந்து பார்த்துச் செல்கின்றனர்.

எனக்கோ அது பிறந்து வளர்ந்த ஊர். ஊர் என்றால் கடைவீதியன்று. பெருஞ்சாலையை விட்டு மலைமேல் ஏறினால் வரும் ஓர் இறப்பர்த் தோட்டம். 1996ஆம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் தங்கி மேலே படிப்பதற்காக அட்டனுக்குப் போனேன். பின்னர் பல்கலைக்கழகம், பட்டம், கொழும்பில் ஆசிரியத் தொழில் என்று காலம் ஓடிற்று. நல்லது கெட்டதுக்கு வந்து போனதுண்டு, இரவு தங்கியதில்லை. சென்ற மாதம் பழைய வகுப்புத் தோழர் நால்வர் கூடி இரண்டு நாட்கள் அங்கே கழிப்பதென்று ஏற்பாடாயிற்று.

சனிக்கிழமை அதிகாலையில் புறக்கோட்டையில் அட்டன் பஸ்ஸில் ஏறினேன். அவிசாவளை வரைக்கும் பிரயாணத்தில் விசேஷமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எட்டியாந்தோட்டையைத் தாண்டிய பிறகுதான் காற்று மாறுகிறது. பாதை வளையத் தொடங்குகிறது. ஆறு பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. இறப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஈரமும் புளித்த பாலும் கலந்த அந்த வாசனையை அங்கே வளராதவர்கள் நாற்றம் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் சிறுவராயிருந்தபோது வெயிற்காலத்தில் இறப்பர்க் காய்கள் 'படீர்' என்று வெடித்து விதைகள் சிதறும். விதையைச் சீமெந்துத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, முன்வரிசையில் இருப்பவன் கையில் வைப்பது எங்கள் வகுப்பின் பிரதான விளையாட்டு. இப்போது ஆசிரியனாயிருந்து நினைக்கும்போது, எங்கள் வாத்தியாருடைய பொறுமையை வியவாமலிருக்க முடியவில்லை.

நால்வரில் ஒருவர் இன்றும் அதே தோட்டத்தில் பால்வெட்டுகிறார். இன்னொருவர் ஆற்றிலே ரப்பர்ப் படகு செலுத்தி வெள்ளைக்காரப் பிரயாணிகளைப் பாறைகளுக்கிடையே கொண்டுபோகிறார். எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரியாயிருந்த தோழி தாதியாகி, அட்டனில் குடும்பத்துடன் வசிக்கிறார். நான்காமவன் நான். "வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் எழும்புங்க!" என்று படகோட்டி நண்பர் கைகட்டி நின்றபோது, லயத்துப் பிள்ளைகள் யாவரும் சிரித்தார்கள்.

பகலுணவுக்குப் பின் ஆற்றங்கரைக்குப் போனோம். மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் எவ்வளவு நீரை விடுகின்றனவோ அதைப் பொறுத்தே ஆற்றின் வேகம் இருக்கிறது. ஆகையால் படகோட்டியின் வருமானம் மழையைவிட மின்சாரத்தையே நம்பியிருக்கிறது என்று நண்பர் விளக்கினார். அவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசும் சரளம் எனக்குப் பொறாமையைத் தந்தது. ஐந்தாம் வகுப்பில் இவர்தான் ஆங்கில நேரத்தில் வயிற்றுவலி என்று வெளியே ஓடியவர்.

பாலம் நின்ற இடத்தைப் பார்த்தபோது ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. படத்தில் பாலங்கட்டுகிறவர்கள் பிரிட்டிஷ் யுத்தக் கைதிகள். ஆனால் 1942-43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீற்றர் ரயில்பாதையில், கைதிகளைவிட மிக அதிகமான ஆசியத் தொழிலாளர் வேலை செய்தார்கள், பதினாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். அப்படத்தை எடுப்பதற்கு, தமிழர் பால்வெட்டும் ஒரு பள்ளத்தாக்கையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது விசித்திரமான பொருத்தம். இதைச் சொன்னபோது பால்வெட்டு நண்பர் சற்றுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்து, "அவங்களுக்குப் பேர் போட்டாங்களா, அரைப்பேர் போட்டாங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் ஒருநாட் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர்.

மாலையில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மையார் ஒருவர் தயிரும் கித்துள் பாணியும் கொடுத்தனுப்பினார். கித்துள் மரத்தின் பூங்குலையைச் சீவி வடித்த நீரைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. ஊரின் பெயரே அந்த மரத்தால் வந்தது. இதைச் சர்க்கரைப் பாகோடு ஒப்பிடுபவர்களிடம் எனக்கு வாதமில்லை, இரக்கந்தான் உண்டு.

இரவு லயத்து வாசலில் பேச்சு நீண்டது. ஊரை விட்டுப் போனவர்களைக் கணக்கெடுத்தோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அப்போது என் பாட்டனாரின் தம்பி குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களின்போது சப்பிரகமுவாத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போனவர்கள் வேறு. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரஜாவுரிமை வந்தது. வீட்டுரிமை வரவில்லை. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டம் மலையகத்தில் சில இடங்களில் நிறைவேறியிருக்கிறது. என் நண்பரது லயத்தை எட்டவில்லை. சில மைல்களுக்கப்பால் பெலிலென என்றொரு குகை உண்டு. பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரின் எலும்புகளை அங்கே தோண்டி எடுத்தார்கள். அவ்வளவு காலமாக மனிதன் குடியிருக்கும் இடத்தில், நான்கு தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு ஓர் உறுதிக் கடதாசி இல்லை. அவ்வீட்டில் யாராவது ஒருவர் பெயர் செக்ரோலில் இருக்கும்வரையே அது அவர்களுடைய வீடு.

இந்தப் பேச்சு வெறும் சரித்திரப் பேச்சன்று என்பதை ஞாயிறு காலையில்தான் அறிந்தேன். நண்பரது மகள் சாதாரண தரத்தில் ஏழு பாடங்களில் 'ஏ' சித்தி பெற்றிருக்கிறாள்; உயிரியல் படிக்க விரும்புகிறாள். அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. விஞ்ஞானம் தமிழில் படிப்பதானால் அட்டனுக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். எங்களை அழைத்ததன் காரணம் அதுவே போலும். நண்பருக்கு முழங்கால் வலி. மழை தொடர்ந்தால் பால்வெட்டே இல்லை. ஆயினும் அவர் நின்றுவிட்டால் வீட்டின் கதி என்ன? அவருடைய மனைவியார், "அண்ணே, கலை படிச்சாலும் டீச்சராகலாந்தானே? கண் முன்னாலேயே இருப்பாளே," என்றார். தாயின் பயத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் அந்தப் பெண்ணின் விஞ்ஞானக் கொப்பியை நான் புரட்டிப் பார்த்திருந்தேன். தவளையின் இருதயத்தை அவள் வரைந்திருந்த விதத்தைப் பார்த்தபின் கலைப்பிரிவுக்குப் போ என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். அதையே சொன்னேன்.

தாதித் தோழி அதுவரை பேசாதிருந்தவர், "என் வீட்டுல ஒரு கட்டில் கூடுதலாகக் கிடக்குது," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவியார் அடுப்படிக்குள் போனார். கேத்தலின் மூடி நெடுநேரம் சத்தமிட்டது.

பெண் கதவோரம் நின்றாள். "மாமா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு அட்டன்ல ஏறினா, இருட்டுறதுக்குள்ள இங்க வந்து சேர எந்த பஸ் சரி?" என்று கேட்டாள்.

எங்களில் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து தாயார், "ரோட்டுல கண்டக்டர்கிட்டக் கேட்டாத் தெரியும்," என்றார். படகோட்டி நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்கு இறங்கிப் போனார்.