தம்பி வண்டிக்கு பட்டன் சீட்டு

எங்க பக்கத்துல யாராவது வண்டி எடுத்தா ஊரே கேக்குற கேள்வி ரெண்டு. மைலேஜ் எவ்வளவு கொடுக்குது? எத்தனை பேர் உட்காரலாம்? ஓட்டுறவர் எப்படி உட்கார்றார்னு கேட்ட ஆளை நான் இன்னும் பார்க்கலை. போன வருஷம் என் தம்பிக்காக நானே அந்தக் கேள்வியைக் கேக்க வேண்டி வந்துச்சு. டவுன்ல சொந்த வண்டி ஓட்டுறவங்களுக்கும், வாடகைக் கார்ல போறவங்களுக்கும் உதவும்னு எழுதுறேன்.

அப்பா விட்டுட்டுப் போனது ஒண்ணரை ஏக்கர் நிலமும் ஒரு குழித்தறியும். நிலம் என் பக்கம் வந்துச்சு, தறி தம்பி பக்கம் போச்சு. பொதட்டூர்பேட்டையில தறிச் சத்தம் கேக்காத தெரு குறைச்சல். இப்ப கேக்குறது பெரும்பாலும் விசைத்தறி. குழித்தறியைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். தரையில ஒரு பள்ளம் இருக்கும். அதோட விளிம்புல ஒரு பலகை. பலகையில உட்கார்ந்து காலைப் பள்ளத்துக்குள்ள விட்டு மிதியை மாத்தி மாத்தி மிதிக்கணும். ஒரு கை கயித்தை இழுக்க, நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். இன்னொரு கை ஒவ்வொரு இழைக்கும் அச்சை இழுத்து அடிக்கும். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. அந்தப் பலகையில தம்பி பன்னெண்டு வருஷம் உட்கார்ந்தான்.

கூலி கட்டுப்படி ஆகலைன்னு டிரைவர் வேலைக்குப் போனான். பத்து வருஷம் அடுத்தவங்க வண்டி. அப்புறம் கடன் போட்டு செகண்ட்ஹேண்ட்ல ஒரு டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா எடுத்தான். மேல் மாடல் இல்ல, நடுத்தரம். திருப்பதி, சோளிங்கர், காஞ்சிபுரம், பௌர்ணமின்னா திருவண்ணாமலை, முகூர்த்த நாள்னா சென்னை ஏர்போர்ட். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில மூணு நாள் தூக்கமே இருக்காது. தவணை ஒரு மாசம் கூடத் தவறினதில்ல.

போன வருஷம் தை மாசம் வண்டியை விட்டு இறங்கும்போது இடது காலை ஊன முடியலை. இடுப்புல ஆரம்பிச்ச வலி கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குதுன்னான். உடனே சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது, "புத்தூர் கட்டு போட்டுக்கோ". நகரி தாண்டினா புத்தூர். எலும்பு முறிஞ்சா எங்க பக்கத்துல பாதிப் பேர் அங்கதான் ஓடுவாங்க. ஆனா இங்க முறிஞ்ச எலும்பு ஒண்ணும் இல்ல. ஸ்கேன்ல கீழ் முதுகு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு வந்துச்சு. ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம், மூணு மாசம் வண்டி ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொன்னார்.

மூணு மாசம்னா மூணு தவணை. தம்பி பொண்டாட்டி என்கிட்ட வந்து, "மாமா, வண்டியைக் கொடுத்துடலாம்னு சொல்லுங்க. நாளைக்கு இவரு படுத்துட்டா வண்டியை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது"ன்னு அழுதுச்சு. அது சொன்னதுலயும் தப்பில்ல. தம்பி மட்டும் சுவத்தைப் பார்த்துக்கினே இருந்தான். தறியை விட்டவன் வண்டியையும் விட்டா அடுத்து எங்க போவான்?

உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது நான்தான். அங்க இருந்த பொண்ணு பொறுமையா விளக்கிச்சு. 1960கள்ல சுவீடன்ல நாக்கெம்சன்னு ஒரு எலும்பு டாக்டர், ஆளுங்களோட முதுகு டிஸ்க்குக்குள்ளயே ஊசி விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தாராம். நிக்கும்போது இருக்கிறதைவிட, சாய்மானம் இல்லாம உட்காரும்போது அழுத்தம் கூடுதல். முதுகைக் கொஞ்சம் சாய்ச்சு, இடுப்புக்கு அண்டை கொடுத்தா குறையுது. "எவ்வளவு நல்லா உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி மணிக்கணக்கா உட்காரக் கூடாது, மாத்திக்கிட்டே இருக்கணும்"னு முடிச்சுச்சு. ஏதோ குழித்தறியைப் பத்திப் பேசுற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

வீட்டுக்கு வந்து வண்டியில நானே உட்கார்ந்து பார்த்தேன். தம்பியோட சீட்டு முன்னப் பின்ன தள்ளுறது பல்லு வெச்ச ரெயில்ல. ஒரு பல்லுல நின்னா ஸ்டியரிங் கிட்ட வருது, அடுத்ததுல நின்னா கிளட்ச் எட்டலை. நடுவுல நிறுத்த வழி கிடையாது. நகர்த்தணும்னா லீவரைத் தூக்கிக்கினு இடுப்பாலதான் உந்தணும். வலிக்கிற இடமே அதுதானே. அதனால யாரு வண்டியை எடுத்தாலும் அவன் சீட்டைத் தொடவே கூடாதுன்னு சொல்லிடுவான்.

இதே கிரிஸ்டாவோட மேல் மாடல்ல டிரைவருக்கு பட்டன் சீட்டு கம்பெனியே கொடுத்திருக்கு. முன்ன, பின்ன, மேல, கீழ, முதுகுச் சாய்வு, தொடைப் பக்கம் ஏத்தி இறக்குறதுன்னு எட்டு விதமா நகரும். பட்டனை விட்ட இடத்துல நிக்கும், பல்லுக் கணக்கு இல்ல. இதைச் சொன்னதும் தம்பி பொண்டாட்டி, "அதெல்லாம் பெரிய மனுஷங்களுக்கு மாமா"ன்னுச்சு. டிராக்டர் சீட்டுக்கு ஒரு பஞ்சு மெத்தை வாங்கவே யோசிக்கிற ஊரு இது. ஆனா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு சீட்டுங்கிறது எனக்கு மண்வெட்டி மாதிரி. பிடி சரியில்லாத மண்வெட்டியில நான் ஒரு வரப்பு கூடப் போட மாட்டேன்.

சென்னை புதுப்பேட்டையில பழைய வண்டிச் சாமான் எல்லாம் கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுப் போனோம். அவர் சொன்ன விஷயங்களை உங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல, அதே வண்டியோட மேல் மாடல் சீட்டுதான் வாங்கணும். அடியில நாலு போல்ட், நாலு துளை, அப்படியே உட்காரும். வேற கம்பெனி சீட்டை வெல்டிங் பண்ணி உட்கார வெச்சா, மோதுற நேரத்துல எந்த வெல்டு பிய்யும்னு சொல்ல முடியாது. ஆர்சி புக்குல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. எங்களுக்கு சீட்டு எண்ணிக்கை மாறலை, பாடியில கை வைக்கலை.

ரெண்டாவது, டிரைவர் சீட்டை டிரைவர் பக்கம்தான் போடணும். வயசான அம்மாவுக்கு இடது பக்கம் போடலாமான்னு நான் கேட்டேன். பட்டன் எல்லாம் கதவுப் பக்கம் வர்ற மாதிரி செஞ்சது, இடது பக்கம் போட்டா உள்பக்கம் மாட்டிக்கும், பெல்ட் பக்கிளும் தப்பான பக்கம் வரும்னு சொல்லிட்டார்.

மூணாவது, மோதின வண்டியில இருந்து கழட்டின சீட்டான்னு பார்க்கணும். ரெயில் வளைஞ்சிருந்தா மோட்டார் திணறும். கடையிலயே பேட்டரி வெச்சு எட்டு அசைவும் ஓட்டிப் பார்த்தோம். பில்லும் கேட்டு வாங்கினோம்.

நாலாவதுதான் முக்கியம். மேல் மாடல் சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கும். அது ஒரு சின்ன வெடி. அதோட கனெக்டர் மஞ்சக் கலர். எங்க வண்டியில அந்த ஏர்பேக்குக்கு இணைப்பு கிடையாது, அதனால மெக்கானிக் அந்த வயரைச் சும்மாவே கட்டி விட்டுட்டார். வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிட்டு, கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டுத்தான் கை வெச்சார். மஞ்ச வயர்ல மல்டிமீட்டர் வைக்கிறது, வெட்டி ஒட்டுறது எதுவும் கூடாதுன்னார். சீட்டு மேல தடிமனா உறை மாட்டினா ஏர்பேக் வெளிய வர முடியாதாம். மேல் மாடல் வெச்சிருக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

கரண்டு வேலை நான் நினைச்ச அளவுக்குப் பெருசா இல்ல. பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ் போட்டு ஒரு தடிமனான வயர், பாடிக்கு ஒரு எர்த்து. பெல்ட் போடலைன்னா கத்துற சத்தத்துக்குப் பழைய கனெக்டர். இருக்கிற ஏதோ ஒரு வயர்ல முறுக்கி எடுத்தா சூடாகித் தீப்பிடிக்கும்னு கண்டிப்பா சொன்னார். சீட்டு, வயர், கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. பாதி நான் நிலக்கடலைக் காசுல கொடுத்தேன்.

மூணு மாசமும் வண்டி சும்மா நிக்கலை. தம்பி மகன் ஓட்டினான். அவன் ஆறடி, தம்பி அஞ்சே காலடி. முன்னல்லாம் சீட்டை நகர்த்தினதுக்கே அப்பனும் மகனும் சண்டை போடுவாங்க. இப்ப அவன் பின்னால தள்ளி ஓட்டிட்டு வர்றான், இவன் பட்டனை அழுத்தி முன்னால வந்துக்கிறான்.

தம்பி இப்ப மறுபடியும் ஓட்டுறான். வலி போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சீட்டு வைத்தியம் பண்ணாது. தினமும் காலையில அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யுறான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டி, இறங்கி நாலு நடை நடந்துட்டு, சாய்வை ஒரு விரலளவு மாத்திக்கிறான். ராத்திரி சவாரியைக் குறைச்சுட்டான். வருமானமும் குறைஞ்சிருக்கு. தவணை இன்னும் பதினாலு பாக்கி. ஆனா வண்டி நம்ம வாசல்ல நிக்குது, தம்பி பொண்டாட்டியும் விக்கிற பேச்சை எடுக்கிறதில்ல.

நீங்க வாடகைக் கார்ல திருப்பதிக்கோ திருத்தணிக்கோ வர்றப்ப பின்னால சாஞ்சு தூங்கிடுவீங்க. முன்னால ஒருத்தர் விடியக்காலை மூணு மணியில இருந்து ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார். வழியில டீக்கடை வந்தா, "கொஞ்சம் நிறுத்துங்கண்ணா, இறங்கி நடந்துட்டு வாங்க"ன்னு நீங்களே சொல்லுங்க. அவங்களா கேக்க மாட்டாங்க. கஸ்டமர் அவசரத்துல இருப்பாங்கன்னு நினைச்சு ஓட்டிக்கிட்டே போவாங்க. என் தம்பியும் அப்படித்தான் ஓட்டினான்.

ஆடிப்பட்டத்துக்கு உழவு முடிச்சாச்சு. விதைக்கடலை உடைக்கணும். அதைப் பத்தி அடுத்த பதிவுல சொல்றேன்.