அம்மம்மாவின் கரண்டி

எங்கள் வீட்டில் செவ்விளநீர் சுகமான பிள்ளைகளுக்குக் கிடையாது. கிணற்றடியில் நின்ற ஒற்றை மரத்தின் குலை, காய்ச்சல், வயிற்றோட்டம், கொப்பளிப்பான் என்று பாயில் விழுந்தவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. மிச்சம் கோயிலுக்குப் போகும். ஆகவே ஒருவர் படுத்தால் மற்றவர்களுக்கு இரக்கத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வரும். தம்பி ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு பார்த்தான். அம்மம்மா அவன் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தா, வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டா. தோல் உடனே மட்டப்பட்டது. “எழும்பிப் பள்ளிக்கூடம் போ” என்றா. பிற்காலத்தில் ஆஸ்பத்திரியில் டொக்டர்மாரும் அதே இடத்தில் கிள்ளிப் பார்ப்பதைக் கண்டு சிரித்திருக்கிறேன்.

உண்மையான வருத்தம் என்றால் அடுக்களை வேறு வாசம் வீசும். நெற்பொரியைச் சீலைத் துண்டில் முடிந்து கொதிதண்ணீரில் அவிய விடுவா. வடித்தெடுத்த தண்ணீரில் ஆனையிறவு உப்புக்கல் கொஞ்சம், குட்டானிலிருந்து உடைத்த பனங்கட்டித் துண்டு ஒன்று. இளநீருக்குள்ளும் ஒரு சிட்டிகை உப்பு விழும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வயிற்றால் போகும் பிள்ளையோ சோடியத்தையும் நிறைய இழக்கும். அம்மம்மாவின் விளக்கம் வேறு: “உப்பில்லாட்டித் தண்ணி உடம்பில பிடிக்காது.” வருத்தம் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் சோடாப் போத்தலை அவ அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவா. அத்தனை இனிப்பு வயிற்றோட்டத்தைக் கூட்டும் என்பது இன்று வைத்தியரும் சொல்வது. ஆனால் பூட்டிய சோடா யார் தொண்டைக்குள் போனது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது.

குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு அம்மப்பா இருந்தார். பச்சைப் பனையோலையில் சின்னதாக ஒரு பிளா கோலித் தருவார். பிளா கள்ளுக் குடிக்கும் பெரிய ஆம்பிளைகளின் பாத்திரம். அதில் நமக்கும் ஒன்று என்றால் கசாயம்கூட இறங்கும். ஓலையின் பச்சை மணமும் பனங்கட்டியும் சேர்ந்து வாய்க்குள் நிற்கும். ஆனால் பிளாவைச் சரித்து மடமடவென்று குடிக்க அம்மம்மா விடமாட்டா. முதலில் கரண்டி. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. சத்தி எடுத்தால் பத்து நிமிசம் விட்டு மறுபடி, இன்னும் ஆறுதலாக.

உப்பும் இனிப்பும் ஏன் சேர வேண்டும் என்பது 1960களில்தான் ஆய்வுகூடங்களில் துலங்கியது. குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் சோடியாக உள்ளே போகின்றன, தண்ணீர் பின்தொடர்கிறது. 1971இல் வங்காளத்துப் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி, ஊசியால் ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, டொக்டர் திலீப் மகாலனபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். 30 சதவீத அளவிலிருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. அதில் எனக்குப் பிடித்தது, கரண்டியை அவர் தாதிமாருக்குக் காத்திராமல் உறவினர் கையில் கொடுத்ததுதான். அம்மம்மாவின் கண்ணளவில் ஆபத்தும் இருந்தது. உப்புக் கூடினால் பிள்ளைக்குக் கேடு. 1 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கைக் குடும்பநல மாது வந்து சொன்னபோது அவ இல்லை.

1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எங்கள் ஒழுங்கையில் ஐஸ்பழச் சைக்கிளின் மணியும் நின்றது. அப்போது என் மகளுக்கு வயிற்றோட்டம். ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பைக்கற் ஒன்று கிடைத்தது, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்தோம். கண்ணீரைப் போல இருக்கிறது என்று துப்பினாள். ஐஸ்பழம் வேண்டும் என்று அழுதாள். சளி பிடிக்கும் என்று அம்மா ஒரு பொய் சொல்லிவிட்டு, கரைசல் போத்தலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினா. வெயில் நேரத்தில் எங்களுக்கிருந்த குளிர் அவ்வளவுதான். பிளா கோல அம்மப்பாவும் இல்லை. வடலியில் ஓலை இருந்தது, கோலத் தெரிந்த கை எங்களிடம் இல்லை.

மகள் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறாள். போன மாரியில் அவளுடைய சின்னவனுக்குச் சத்தி. உப்புச்சீனிக் கரைசலைக் குச்சி செருகிய அச்சில் ஊற்றி உறைய வைத்துக் கொடுக்கச் சொன்னாராம் டொக்டர். நல்ல யோசனைதான். ஐஸை யாரும் மடமடவென்று குடிக்க முடியாது, நக்கி நக்கித்தான் தின்ன வேண்டும். தொலைபேசியில் அவள் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்ச ஐஸ்பழம்தான் மருந்து. நான் கேட்டு அழேக்க சளி பிடிக்கும் எண்டு பேய்க்காட்டினீங்கள், என்ன?”

“அதுக்குக் கறண்டெல்லோ வேணும், பிள்ளை” என்றா அம்மா. பிறகு, சின்னவன் மூத்திரம் பெய்தானா என்று கேட்டா.